கழிவுநீர் மேட்டில் டிராக்டர் ஏற்றாதீர்கள்
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் உள்ள உங்கள் டொங்காட் வீட்டில் கழிவுநீர் மேடு (செப்டிக் டேங்க் தண்ணீரைக் குழாய்கள் வழியே மணலில் இறக்கி வடிகட்டும் மண்மேடு) குண்டும் குழியுமாக இருக்கிறது, டிராக்டர் விட்டுச் சமப்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். கனம் ஏறினால் உள்ளே இருக்கும் மணல் இறுகிவிடும். தண்ணீர் இறங்காமல் ஓரத்தில் கசியும். புடைப்புகளைச் சீவவும் வேண்டாம், குழாய்கள் அதிக ஆழத்தில் இல்லை.

பள்ளங்களை மட்டும் நிரப்புங்கள். ஜூன், ஜூலையில் அங்கே மண் காய்ந்திருக்கும்போது, மணல் கலந்த இளக்கமான மண்ணை வாளியில் கொண்டுபோய், தடவைக்கு ஒரு விரற்கடைக்கும் குறைவாகத் தூவி இழுத்துவிடுங்கள். புல் நுனி வெளியே தெரிய வேண்டும். அது தலைதூக்கியதும் அடுத்த தடவை. களிமண் கூடாது, நான் ஒருமுறை அதைக் கொட்டி, முதல் மழைக்கே செருப்பைச் சேற்றில் பறிகொடுத்தேன்.

அப்புறம், பள்ளம் வெயிலிலும் ஈரமாக, நாற்றத்தோடு இருந்தால் மண் போட்டு மூடாதீர்கள். முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.