கூகுள், ஏஐ எல்லாம் வந்த பிறகு லைப்ரரியில ரெஃபரன்ஸ் செக்‌ஷனுக்கு யார் வர்றாங்க? என்னதான் கேக்குறாங்க?

சென்னையில ஒரு காலேஜ் லைப்ரரியில 19 வருஷமா ரெஃபரன்ஸ் டெஸ்க்ல இருக்கேன், அதனால இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் போடாம போக மனசு வரல.

வர்றவங்க குறைஞ்சிருக்காங்க, அது உண்மை. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ அந்த நாட்டு தலைநகர் எது, இந்த ஊர் பின்கோடு என்ன, ஏதோ ஒரு யுனிவர்சிட்டி அட்ரஸ் வேணும்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க, நானும் இயர்புக், டைரக்டரி, என்சைக்ளோபீடியான்னு எடுத்து எடுத்துக் கொடுப்பேன். அது மொத்தமும் போன்ல போயிடுச்சு. பிரிட்டானிக்காவே இனி அச்சுல வராதுன்னு 2012ல சொல்லிட்டாங்களே.

ஆனா நம்ம எஸ்.ஆர்.ரங்கநாதன் இதை அப்பவே ரெண்டா பிரிச்சு வெச்சுட்டார். பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்துட்டு 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியனா வந்தவர். உடனே எடுத்துக் கொடுக்கிற பதில் ஒரு வகை, அதுக்கு ரெடி ரெஃபரன்ஸ்னு பேர். உக்காந்து, தேடி, நாள் கணக்குல இழுக்கிறது இன்னொரு வகை, அது லாங் ரேஞ்ச். இதுல முதல் வகையைத்தான் கூகுள் எடுத்துக்கிச்சு, ரெண்டாவது எங்ககிட்டயேதான் இருக்கு, சொல்லப்போனா முன்னைவிட கஷ்டமா வருது.

ஒண்ணு சொல்றேன். போன வருஷம் ஒரு பெரியவர் எங்க ஸ்டூடண்டா இருக்கிற தன் பேத்தியோட வந்தார். "மெட்ராஸ் ஹிஸ்டரி புக்ஸ் எங்கம்மா இருக்கு?"ன்னார். 954.82 ரேக்கைக் காட்டினேன். அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா ஒவ்வொரு புக்கா எடுத்து கடைசிப் பக்கத்துல இண்டெக்ஸை மட்டும் விரல் வெச்சுப் பாத்துட்டு திரும்ப வெச்சுக்கிட்டு இருக்கார். கிட்டப் போய் "சார், குறிப்பா என்ன தேடுறீங்க?"ன்னு கேட்டேன். மஞ்சப்பையில இருந்து ஒரு போஸ்ட் கார்டை எடுத்தார், ஓரமெல்லாம் பழுப்பேறி இருந்துச்சு, அவர் தாத்தா எழுதினது, மேல "மாப்ளீஸ் ரோடு, மதராஸ்". அதை அப்படியே போன்ல டைப் பண்ணிப் பார்த்திருக்காங்க, ஒண்ணும் வரல. அது மௌப்ரீஸ் ரோடா இருக்கும் சார், இன்னைக்கு டிடிகே ரோடுன்னேன். முகம் மலர்ந்துச்சு, ஆனா கிளம்பல. நானும் விடாம, அந்த ரோடு தெரிஞ்சா என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னார், தாத்தா அங்க ஒரு அச்சாபீஸ்ல கம்பாசிட்டரா இருந்தாராம், அவர் கையால எழுத்துக் கோத்த புஸ்தகம் ஒண்ணையாவது தொட்டுப் பாக்கணுமாம்.

பாருங்க, கேட்டது ஹிஸ்டரி புக், வேணுங்கிறது அது இல்லவே இல்ல. இதை ராபர்ட் டெய்லர்ங்கிற அமெரிக்க நூலகத் துறை ஆய்வாளர் 1968ல எழுதின கட்டுரையில 4 படியா சொல்லியிருக்கார், மனசுக்குள்ள இன்னும் சொல்லா மாறாத தேவைதான் முதல் படி, லைப்ரரியில எது கிடைக்கும்னு அவங்களே யோசிச்சு சுருக்கிக் கேக்கிறது கடைசிப் படி. எங்க காதுக்கு வர்றது அந்தக் கடைசிப் படிதான். அங்கிருந்து திருப்பிக் கேட்டு கேட்டு மேல ஏறிப் போறதுதான் இந்த வேலையே.

அச்சாபீஸ்னு தெரிஞ்சதும் வழி கிடைச்சிடுச்சு, ஏன்னா 1867ல வந்த அச்சக, புத்தகப் பதிவுச் சட்டப்படி அப்போ ஒவ்வொரு புஸ்தகத்துலயும் அச்சடிச்சவங்க பேரும் இடமும் போட்டே ஆகணும்னு இருந்துச்சு, மெட்ராஸ் மாகாணத்துல பதிவான புஸ்தகங்களுக்கு 3 மாசத்துக்கு ஒரு பட்டியலும் வெளியாச்சு. எழும்பூர் கன்னிமாரா, ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம், இந்த 3 இடத்துலயும் என்ன கேக்கணும், எந்த வார்த்தையில கேக்கணும்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். சரியா 3 வாரம் கழிச்சு போன் பண்ணார், "அச்சாபீஸ் பேரோட ஒண்ணு கிடைச்சிடுச்சும்மா, தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாடியே இருக்கு"ன்னு சொல்லிட்டு அதுக்கு மேல பேச முடியல அவரால.

இன்னொரு மாற்றம் ஏஐயால வந்தது. ஒரு பிஎச்டி பையன் ஏஐ போட்டுக் கொடுத்த, 14 ரெஃபரன்ஸ் இருக்கிற லிஸ்டோட வந்து "மேடம், இதுல 5 மட்டும் டவுன்லோட் ஆக மாட்டேங்குது"ன்னான். தேடினா, ஜர்னல் நிஜம், வால்யூம் நிஜம், ஆனா அந்தப் பக்கத்துல வேற யாரோட கட்டுரையோ இருக்கு. அவன் கேட்ட 5 கட்டுரையும் உலகத்துலயே கிடையாது. அவன் ஏமாத்த வரல, நம்பிட்டான், அவ்வளவுதான். இல்லாத ஒண்ணை இல்லைன்னு உறுதியா சொல்றதுக்கு இருக்கிறதைத் தேடுறதைவிட நேரம் ஆகும்.

அதுக்காக நாங்க தப்பே பண்றதில்லன்னு சொல்ல வரல. 1986ல அமெரிக்காவுல ஹெர்னன், மெக்ளூர்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, வாசகர் மாதிரியே ஆள் அனுப்பி கேள்வி கேக்க வெச்சதுல 55 சதவீதம்தான் சரியான பதிலாம். அதைப் படிச்சதுல இருந்து "நீங்க தேடி வந்தது இதுதானா, முழுசா கிடைச்சுதா?"ன்னு கேக்காம யாரையும் நான் அனுப்புறதில்ல.

இடம் தேடி வர்றவங்களும் நிறைய, அதையும் சொல்லணும். கோட்டூர்புரத்துல 2010ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்த புஸ்தகம் எடுத்துட்டுப் போய் படிக்கவே தனிப் பகுதி இருக்கு, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு அமைதியா ஒரு சேரும் சார்ஜ் போட ஒரு பாயிண்ட்டும் பெரிய விஷயம்.

என் வருத்தம் எண்ணிக்கையைப் பத்தித்தான். ரிஜிஸ்டர்ல பிரிண்டர் எங்கன்னு கேட்டாலும் 1, பெரியவரோட 3 வாரமும் 1. வருஷக் கடைசியில கூட்டிப் பார்த்துட்டு ஆள் வர்றதில்லன்னு எங்க டெஸ்க்கை எடுத்து இஷ்யூ கவுண்டர் மூலையில போட்டுட்டாங்க, அங்க நின்னுக்கிட்டு யாரும் மஞ்சப்பையைத் திறக்க மாட்டாங்க. அமெரிக்க லைப்ரரிகள்ல ரீட் ஸ்கேல்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, கேள்விக்கு எவ்வளவு உழைப்பு ஆச்சுன்னு 1ல இருந்து 6 வரைக்கும் மார்க். யாரும் கேக்கலன்னாலும் நான் இப்போ தனியா ஒரு நோட்டுல அதை எழுதிட்டு வர்றேன், பிரிண்டருக்கு 1, அந்தப் பையனோட லிஸ்டுக்கு 4, பெரியவருக்கு 6. அடுத்த மீட்டிங்குக்கு அந்த நோட்டோடதான் போகப் போறேன்.