எல்லாமே 'டென்ஷன்'தானா?

கேள்வி: கவலை, வருத்தம், பதற்றம், ஏக்கம், விசனம்... எல்லாம் மனக்கஷ்டம்தானே? கல்லூரியில் படிக்கும் என் மகன் எல்லாவற்றுக்கும் 'டென்ஷன்' என்கிறான். எனக்கும் புரிந்துவிடுகிறது. பிறகு எதற்கு இத்தனை சொற்கள்?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: புரிந்துவிடுகிறது என்கிறீர்கள். இல்லையம்மா. அவனுக்கு மனசு சரியில்லை என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரிகிறது. என்னவென்று தெரியவில்லை.

எட்டு மணிக்கு வரவேண்டிய மகள் எட்டரை ஆகியும் வரவில்லை. வாசலில் நிற்கும் தாய்க்கு அது கவலை. ஒன்பதரைக்குப் போன் அடித்தால் 'சுவிட்ச் ஆஃப்'. இப்போது கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. செருப்பை மாட்டுகிறாள், கழற்றுகிறாள். இது பதற்றம். பத்து மணிக்குத் தெருமுனையில் ஒரு போலீஸ் வண்டி திரும்புகிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இதற்குப் பெயர் பயம். மகள் சாவகாசமாக வந்து 'பஸ் பிரேக்டவுன்மா' என்கிறாள். தாய் கத்தித் தீர்க்கிறாள். படுத்த பிறகு, 'சாப்பிடக்கூட விடாம திட்டிட்டோமே' என்று உறுத்துகிறதே, அது வருத்தம். அவளே கல்யாணமாகி வெளியூர் போன பிறகு, எட்டு மணிக்குக் கண் தானாக வாசலுக்குப் போகும். அது ஏக்கம்.

ஒரே தாய், ஒரே வாசல். இந்த ஐந்தையும் 'டென்ஷன்' என்று எழுதிப் பாருங்கள், என்ன மிஞ்சுகிறது?

கவலை பெரும்பாலும் வரப்போவதைப் பற்றியது, வருத்தம் நடந்துபோனதைப் பற்றியது. எல்லை அவ்வளவு கறாரானதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்றதையே நினைத்துக் குமைவதைத்தான் பாரதி 'கொன்றழிக்கும் கவலையெனும் குழி' என்றார்.

பழந்தமிழில் பாதை பிரியும் இடத்துக்கும் கவலை என்றே பெயர். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம், கொடும்பை நெடுங்குளத்துக்கு அப்பால் வழி சிவன் கைச் சூலம்போல மூன்றாகக் 'கவர்க்கும்', அதாவது பிரியும் என்கிறான் மாங்காட்டு மறையோன். அங்கே நிற்பவன் மனநிலையை யோசித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் கால் வைப்பது? நம் கவலைகளில் பாதி அந்த இடத்தில் நிற்கும் கவலைதான்.

யாழ்ப்பாணத்தில் 'யோசிக்காதேங்கோ' என்றால் கவலைப்படாதீர்கள் என்று பொருள். நம்மூர்ப் பெரியவர்கள் 'விசாரம்' என்பதும் இதே வழியில் வந்தது. ஆராய்வது என்ற சொல் கவலைக்கு ஆகிவிட்டது. ஓயாமல் யோசிப்பதே கவலை என்று இரண்டு கரையிலும் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்றும் இலங்கையில்தான் இருக்கிறது. நாம் 'கவனக்குறைவு' என்பதை அங்கே 'கவலையீனம்' என்பார்கள். வண்டி ஓட்டுபவரின் கவலையீனத்தால் விபத்து என்று செய்தி வரும். அப்படியானால் கவலை என்பது அக்கறையும்தான். அதை வெறும் நோயாகவே பார்த்து, 'கவலையை விடு' என்று எல்லோரிடமும் ஒரே மருந்தை நீட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பதறுகிறவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். வருந்துகிறவனுக்கு மன்னிப்புக் கேட்க ஒரு வாய்ப்பு வேண்டும். ஏங்குகிறவனுக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் போதும்.

மகன் அடுத்த முறை 'டென்ஷன்' என்றால் திட்டாதீர்கள், திருத்தவும் வேண்டாம். 'நடந்ததை நினைச்சா, நடக்கப்போறதை நினைச்சாப்பா?' என்று மட்டும் கேளுங்கள்.