தங்கம் விலை ஏறியிருக்கிறது, நகையை மாற்றி வைத்துக் கப்பல் ஏறலாமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 44. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போக மாதம் 62,000 ரூபாய் வருகிறது. பத்து மா நிலம் உண்டு, குறுவையிலோ சம்பாவிலோ கொஞ்சம் நிற்கும். வரும் மே மாதம் எங்களுக்குத் திருமணமாகி 18 ஆண்டு. சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, ஃபூகெட் போய்த் திரும்பும் நான்கு இரவு சொகுசுக் கப்பலில் மனைவியை அழைத்துப் போகவும், ஃபூகெட்டில் இறங்கி ஸ்கூபா டைவிங் செய்யவும் ஆசை. பாமணி ஆற்றிலும் ஹரித்ராநதித் தெப்பக்குளத்திலும் நீந்தி வளர்ந்தவன் நான். 2.35 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மனைவியின் 22 பவுன் நகை ஏற்கெனவே 6.5 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது. முதலில் வைத்தது மைத்துனரின் கடைக்காக, கடை இப்போது நன்றாக ஓடுகிறது. “தங்கம் விலை ஏறிவிட்டது, அதே நகையைக் கூடுதல் தொகைக்கு மாற்றி வைத்தால் 9.5 லட்சம் கிடைக்கும்” என்று சொல்வதும் அவர்தான். டிராவல்ஸில் வட்டியில்லா இஎம்ஐ தருகிறார்கள். அம்மாவோ, நகைக்கடன் எப்படியும் தள்ளுபடி ஆகும் என்கிறார். எதைச் செய்வது? இரண்டு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், அது டைவிங்குக்குத் தடையா?

பதில்: கடிதத்தோடு நான்கு அடகுச் சீட்டுகளின் படங்களையும் அனுப்பியிருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மாங்காய் மாலை 1, இரட்டை வடச் சங்கிலி 1, நெளி வளையல் 4, கல் வைத்த தோடு 1 ஜோடி. நான்கு சீட்டிலும் இதே நகைகள், இதே 176 கிராம். தொகை மட்டும் 4 லட்சம், 4.8 லட்சம், 5.6 லட்சம், 6.5 லட்சம் என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நான்கு வருடத்தில் அந்த வளையல் ஒரு நாள்கூட உங்கள் மனைவியின் கைக்கு வரவில்லை.

கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு வரவு செலவு எழுதச் சொல்லித் தரப் போவதில்லை. ஆனால் இந்தச் சீட்டுகளை மட்டும் நீங்கள் ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. நான் கூட்டினேன்.

வட்டி ஏறக்குறைய 10 சதவீதம். முதல் ஆண்டு முடிவில் 40,000 ரூபாய் வட்டி. அதை நீங்கள் சம்பளத்திலிருந்து கட்டவில்லை. 80,000 கூட்டி மாற்றி வைத்தீர்கள். பாதி வட்டிக்குப் போக, 40,000 வீட்டுக்கு வந்தது. இரண்டாம் ஆண்டு வட்டி 48,000, கைக்கு வந்தது 32,000. மூன்றாம் ஆண்டு வட்டி 56,000, கைக்கு 34,000. மைத்துனருக்குக் கொடுத்த 4 லட்சத்தையும் சேர்த்து இதுவரை நீங்கள் வாங்கியது 5,06,000 ரூபாய். நான்காம் ஆண்டு முடியும் வரும் பிப்ரவரியில் கடன் 6.5 லட்சம், அந்த ஆண்டு வட்டி 65,000, ஆக 7,15,000 நிற்கும். வித்தியாசம் 2,09,000. உங்கள் கப்பல் பயணத்துக்கு நீங்கள் போட்ட கணக்கில் பெரும்பகுதி இது. மனைவியோடு கடல் பார்த்திருக்க வேண்டிய பணம், கடல் பார்க்காமலே வட்டியாகப் போய்விட்டது. எனக்கே வருத்தமாக இருந்தது.

இதில் உங்களை ஏமாற்றியது தங்கத்தின் விலைதான். விலை ஏறும்போது அதே நகைக்குக் கூடுதல் கடன் கிடைக்கிறது. கையில் பணம் வருவதால் ஏதோ லாபம் வந்த மாதிரி இருக்கிறது. அது லாபம் இல்லை. நகையை விற்றால்தான் ஏறின விலை உங்களுடையது. அடகில் இருக்கும்போது விலை ஏறினால் ஏறுவது உங்கள் கடன் வாங்கும் வரம்பு மட்டும்தான். இந்தப் பழக்கம் நம் டெல்டாவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நடவுக்கு வைப்பார்கள், அறுத்ததும் மீட்பார்கள், அது ஒரு காலம். இப்போது மீட்பது போய், மாற்றி வைப்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

விலை இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 2013 ஏப்ரலில் தங்கம் ஒரு சில நாட்களிலேயே மளமளவென்று இறங்கியது நினைவிருக்கும். ரிசர்வ் வங்கி 2025-ல் கொண்டுவந்த விதிகளின்படி, வீட்டுச் செலவுக்கு வாங்கும் நகைக்கடன் 5 லட்சத்தைத் தாண்டினால் நகை மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. வட்டியும் முதலும் மொத்தமாகக் கட்டும் கடனுக்குத் தவணை 12 மாதம்தான், சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்க முடியும். மைத்துனர் சொல்கிறபடி 9.5 லட்சத்துக்கு மாற்றி வைத்தால் அடுத்த ஆண்டு வட்டி 95,000. மாதத்துக்குக் கிட்டத்தட்ட 8,000. வரம்பை ஒட்டி வாங்கியிருந்து, விலை 10 சதவீதம் இறங்கியும் போனால், வட்டி 95,000-ஓடு முதலிலும் 95,000 கையிலிருந்து கொடுக்க வேண்டும். சம்பா மழையில் சாய்ந்த வருடமாக அது இருந்தால் எங்கே போவீர்கள்? ஏலத்துக்குப் போகும் நகைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட வருடத்தில்தான் போகின்றன.

அம்மா சொல்லும் தள்ளுபடியை நம்பி இருக்க வேண்டாம். 2021-ல் தமிழக அரசு அறிவித்தது கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை வைத்த கடனுக்கு. உங்களுடையது 22 பவுன், அதுவும் தனியார் நிதி நிறுவனத்தில்.

டிராவல்ஸின் வட்டியில்லா இஎம்ஐயும் எனக்குப் பிடிக்கவில்லை. முழுப் பணம் கட்டுபவருக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். குறைக்கிற தொகைதான் வட்டி. பிராசசிங் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி. அப்புறம் கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைக் கார்டைக் காட்டிக் காட்டி வாங்குவீர்கள், கடைசி நாள் பில் வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் அதில் சேரும். விசா, கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம், டைவிங்குக்கான காப்பீடு, இவை எதுவும் உங்கள் 2.35 லட்சத்தில் இல்லை. இன்னும் 45,000 சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்பதால் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி, வேறு பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் கட்டும் நாளில் பணம் கையில் இருக்க வேண்டும்.

சரி, டைவிங்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் உயிரோட்டமாக இருந்த இடம் அதுதான். அந்த ஆசையை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த பயணத்தில் அந்த ஆசைக்குக் கிடைப்பது அரை நாள். பினாங்கு டைவிங்குக்குப் போகிற இடம் இல்லை. ஃபூகெட்டில் டைவிங் படகுகள் பெரும்பாலும் சாலோங் துறையிலிருந்து காலையிலேயே ரச்சா தீவுகளுக்குக் கிளம்பிவிடும், திரும்ப மாலையாகும். சொகுசுக் கப்பலோ பல சமயம் கரைக்குத் தள்ளி நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கும். இறங்கி, ஊரைக் கடந்து, டைவிங் படகைப் பிடித்து, கப்பல் கிளம்புமுன் திரும்புவது பதைபதைப்பான வேலை. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலா என்றால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், ஆனால் விலை கூடுதல். வெளியில் மலிவாகப் பதிவு செய்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். கடல் கொந்தளித்தால் துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போகக் கப்பலுக்கு உரிமை உண்டு. நீங்கள் சொல்லும் மே மாதத்தில்தான் அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவமழை இறங்கும்.

உங்களிடம் டைவிங் சான்றிதழ் இல்லை. அதனால் பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு வரும் அறிமுக டைவ் மட்டும்தான் கிடைக்கும், ஆழம் 12 மீட்டருக்கு மேல் கூடாது. நீச்சல் தெரிந்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஆற்றில் நாம் மூச்சைப் பிடித்து முங்கிப் பழகியவர்கள். ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அங்கே இழுத்த காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். முப்பது வருடப் பழக்கத்தை மாற்ற ஒரு அரை நாள் போதாது. நீச்சல்குளத்தில் நிதானமாகப் பழக வேண்டிய விஷயம்.

பிரஷர் மாத்திரையைப் பற்றி: படகில் ஏறுமுன் ஒரு மருத்துவப் படிவம் நீட்டுவார்கள். அதில் மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். அந்த இடத்தில் டாக்டரைத் தேட முடியாது, கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது. பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்கள் டைவ் செய்கிறார்கள். ஆனால் எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து உங்கள் டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், மறைத்து மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கப்பலும் டைவிங்கும் சேர்ந்தே வேண்டும் என்றால் நான் அந்தமானைச் சொல்வேன். மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, நாம் போர்ட் பிளேர் என்று சொல்லிப் பழகிய ஊருக்கு, அரசுப் பயணிகள் கப்பல் போகிறது. ஏறக்குறைய மூன்று நாள் பயணம். நீச்சல்குளமும் நடன மேடையும் கிடையாது. ஆனால் சுற்றிலும் கரையே தெரியாத கடல், இருவருக்கு ஒரு கேபின். அங்கிருந்து படகில் ஸ்வராஜ் தீவு, அதாவது ஹேவ்லாக். மூன்று நான்கு நாளில் ஓபன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் பயிற்சியை முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கச் சான்றிதழ் கிடைக்கும், அது உலகம் முழுக்கச் செல்லும். பின்னாளில் எந்தச் சொகுசுக் கப்பலில் போனாலும் அப்போது நீங்கள் டைவர்.

திரும்பி வருவதும் கப்பலில் என்றால் ஒரு கவலை இல்லை. பல நாள் டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும், ஒரே ஒரு டைவ் என்றால் 12. லீவு கிடைக்காமல் விமானத்தில் திரும்பினால், கடைசி டைவுக்குப் பிறகு ஒரு முழு நாள் கரையில் உட்கார்ந்திருங்கள். கப்பல் தேதிகளை வெகு முன்கூட்டியே அறிவிக்க மாட்டார்கள், அதற்கு ஏற்றபடி லீவைப் பேசி வையுங்கள்.

இருவருக்கும் போக்குவரத்து 35,000, எட்டு நாள் தங்கலும் சாப்பாடும் 40,000, உங்கள் பயிற்சிக்கு 30,000, மனைவிக்கு அறிமுக டைவ் 5,000, தீவுப் படகும் மற்றதும் 10,000. ஆக 1.2 லட்சம். மாதம் 5,000 வீதம் இரண்டு வருடம் ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பு, போட்டால் வந்துவிடும். 20-ம் ஆண்டு நிறைவுக்கு ஒரு மாதம் முன்னதாக, ஏப்ரலில், கடல் அமைதியாக இருக்கும்போது போய் வாருங்கள்.

அதற்கு முன்னால் பிப்ரவரி. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கணக்கில் ஏறியதும் முதல் செலவு அந்த 65,000 வட்டி. ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல் 6.5 லட்சத்துக்கே புதுப்பியுங்கள், அதுவும் மாதத் தவணைக் கடனாக. இன்னொன்றும் கேளுங்கள்: 22 பவுனையும் ஒரே பொட்டலமாக வைக்காமல் நாலு சீட்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு சீட்டு முடிந்ததும் அந்த நகை வீட்டுக்கு வரும். வளையல் சீட்டை முதலில் முடியுங்கள்.

மாதம் 15,000 உங்கள் பக்கத்திலிருந்து, 8,000 மைத்துனரிடமிருந்து. 23,000 கட்டினால் இரண்டே முக்கால் ஆண்டில் கடன் தீரும். நீங்கள் மட்டும் 15,000 கட்டினால் நாலரை ஆண்டு. கடை நன்றாக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் 8,000 அவருக்கு முடியாத தொகை இல்லை. அவர் வாங்கிய 4 லட்சத்தின் வட்டியையும் சேர்த்து இத்தனை நாள் சுமந்தது நீங்கள். இதை நீங்கள் கேட்பதைவிட உங்கள் மனைவி கேட்பது நல்லது. நகை அவருடையது, தம்பியும் அவருடையவர். அந்தப் பழைய நாலு சீட்டையும் எடுத்துக்கொண்டு போய், தம்பி முன்னால் வரிசையாக வைத்துப் பேசட்டும். தேதி குறித்து, மாதம் 5-ம் தேதிக்குள் கணக்கில் போடுவதாக எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அக்காவிடம் எழுதிக் கொடுப்பதா என்று அவர் முகம் கோணினால், கோணட்டும்.

இரண்டு வருடம் சும்மா இருக்கவும் வேண்டாம். சிதம்பரம், கடலூர் தாண்டினால் புதுச்சேரி. அங்கே டைவிங் பள்ளிகள் இருக்கின்றன. டாக்டர் சம்மதித்தால் ஒரு சனிக்கிழமை போய், சிலிண்டரை மாட்டிக்கொண்டு நீச்சல்குளத்தின் அடியில் பத்து நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் திங்கட்கிழமை ஆர்டி தொடங்குங்கள்.