விடாமல் சுற்றினால் ஓகே சொல்லிவிடுவாளா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். டியூஷனில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். அவள் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "எல்லாப் பொண்ணும் முதல்ல அப்படித்தாம்மா சொல்லும், விடாம சுத்தினா ஓகே ஆயிடும்" என்கிறான். எல்லாம் சினிமாவும் ரீல்ஸும் செய்கிற வேலை. போனைப் பிடுங்கி வைத்துவிடவா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் நண்பனின் போனில் பார்ப்பான், உங்களிடம் பேசுவதையும் நிறுத்திக்கொள்வான். இந்த வயதில் அம்மாவிடம் இவ்வளவு சொல்கிற பையன்கள் குறைவு. ஒரு பெண்ணைப் பிடித்துப்போவதும் அந்த வயதுக்கு இயல்புதான். அதற்காகத் திட்டாதீர்கள்.

சரி, இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1960களில் சிறு குழந்தைகளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். அதில் ஒருவர் பொம்மையை அடிப்பார். அடித்தவருக்குத் தண்டனை கிடைத்ததைப் பார்த்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அவரைப் போல அடித்தார்கள். ஆனால், செய்து காட்டினால் பரிசு என்றதும் அவர்களும் அப்படியே செய்து காட்டினார்கள். பார்த்தது உள்ளே பதிந்துதான் இருந்தது. அது அடிதடி பற்றிய ஆய்வு, காதலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும், செய்கிறவனுக்குக் கடைசியில் என்ன கிடைக்கிறது என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள் என்பது முக்கியம்.

நம் சினிமாவில் பின்னால் சுற்றுகிறவனுக்கு என்ன கிடைக்கிறது? பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான், அவள் முறைக்கிறாள், நண்பர்கள் கைதட்டுகிறார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் அவள் சிரித்துவிடுகிறாள். ரீல்ஸில் அந்த முறைப்பும் சிரிப்பும் மட்டும் அரை நிமிடத்துக்கு வெட்டி வருகிறது. ஒன்றை முழுதாகப் பார்த்தால் அதே மாதிரி பத்து வந்து நிற்கும். அவள் வீட்டில் நடப்பது எதிலும் வராது. வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவாள், தம்பியைத் துணைக்கு அனுப்புவார்கள், கடைசியில் அவள் டியூஷனே நின்றுபோகும். படத்தில் விட்டுப்போன இந்தப் பாதியைத்தான் நீங்கள் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

உட்கார வைத்து உபதேசம் செய்தால் காதில் ஏறாது. அடுத்த முறை டிவியில் அப்படி ஒரு காட்சி வரும்போது, "இந்தப் பொண்ணு இப்ப வீட்டுக்குப் போய் அவங்க அம்மாகிட்ட என்ன சொல்லியிருப்பா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். அவன் தோளைக் குலுக்கினாலும் பரவாயில்லை, கேள்வி மண்டையில் ஓடும். அப்பாவோ, அவன் மதிக்கிற மாமாவோ சித்தப்பாவோ, தான் ஒரு மறுப்பை எப்படித் தாங்கிக்கொண்டேன் என்று சொன்னால் இன்னும் நல்லது. ஆண்கள் இதைப் பையன்களிடம் பேசுவதே இல்லை என்பது என் மனக்குறை. அப்புறம், யூடியூபில் பார்த்தவற்றின் பட்டியலை அழிக்கலாம், இன்ஸ்டாகிராமில் பரிந்துரைகளை ரீசெட் செய்யலாம். அவனையே உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் மறைக்காதீர்கள். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். இன்று அது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78வது பிரிவு, முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. பெண் 18 வயதுக்குக் கீழே என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் வரலாம். பையனும் சிறுவன் என்பதால் வழக்கு சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஆனால் மிரட்டும் குரலில் சொல்லாதீர்கள், தகவலாகச் சொன்னால் போதும்.

இன்றே நிற்க வேண்டியவை: பின்னால் போவது, மெசேஜ், நண்பர்கள் மூலம் தூது. "ஒரே ஒரு தடவை ஸாரி சொல்லிட்டு வந்துடறேன்" என்பான். அதுவும் வேண்டாம், அவளுக்கு அது இன்னொரு தொல்லைதான். டியூஷன் நேரத்தை மாற்ற வேண்டி வந்தால் உங்கள் மகனின் நேரத்தை மாற்றுங்கள், அவளுடையதை அல்ல.