15 வருடம் ஆன பெட்ரோல் காரை எஃப்.சி. காட்டி ஓட்டலாமா, விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமா?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: திருச்சியில் அப்பா வாங்கிய 2011 மாடல் வேகன் ஆர். ஓடியது 90,000 கிலோமீட்டர். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, கடைத்தெரு, அவ்வப்போது சொந்த ஊர். ஆர்.சி. (பதிவுச் சான்று) முடியப் போகிறது, 15 வருடம் தாண்டினால் ஓட்டவே கூடாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நண்பர்கள் சொல்வது டெல்லி வட்டாரத்துக் கதை. பெட்ரோலுக்கு 15 வருடம், டீசலுக்கு 10 வருடம் என்ற வயது வரம்பு அங்கேதான் எழுந்தது. நம் ஊரில் சொந்த உபயோகக் காரை எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரி தனி. இது கொஞ்சம் வலிக்கும், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான்.

என் பதில்: வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று துரு, இன்னொன்று நீங்கள் ஓட்டும் சாலை.

எங்கள் வீட்டில் இருப்பதும் இதே வண்டிதான், 2010 மாடல் எல்எக்ஸ்ஐ. சேலத்தில் ஓடுகிறது, ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஊருக்குள் லிட்டருக்கு 14, 15 கிடைக்கிறது. இதுவரை இன்ஜினைப் பிரித்ததில்லை.

பணக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 12,450 ரூபாய். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ஆகிறது. பழைய காரில் கிளட்ச் பிளேட், லோயர் ஆர்ம், புஷ், பேட்டரி, நாலு டயர் எல்லாம் ஒரே வருடத்தில் வந்தாலும் வெளிப் பட்டறையில் அந்தத் தொகையில் பாதியைத் தொடுவதே அபூர்வம். அதுவும் வருடாவருடம் வராது. "செலவு வைக்க ஆரம்பித்துவிட்டது" என்று சொல்லி ஓடும் காரைத் தள்ளிவிடுகிறவர்கள், பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பதில்லை.

அப்புறம் இன்ஜின். 2010-ல் வந்த புது வேகன் ஆரில் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர் கே10பி. முந்தைய 1,061 சிசி இன்ஜினில் டைமிங் பெல்ட், இதில் டைமிங் செயின். பெல்ட் மாற்றும் செலவு இல்லை என்பதால் செயினை மறந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. ஆயில் குறைந்தாலோ கெட்டியாகி அழுக்கடைந்தாலோ முதலில் அடி வாங்குவது அதுதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் கரகரவென்று சத்தம் வந்தால் உடனே காட்டுங்கள். உங்கள் வண்டி வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. 10,000 ஆகட்டும் என்று காத்திருக்காமல் வருடம் ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பள்ளிக்குப் போய்வரும் குட்டிக் குட்டி ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதே இல்லை, ஆயில் சீக்கிரம் கெடும்.

ஆயிலை எல்லோரும் கவனிக்கிறார்கள். இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட்டை யாரும் கவனிப்பதில்லை, பழைய கார்கள் அதிகம் சாவது அங்கேதான். இந்த இன்ஜின் முழுக்க அலுமினியம். சூடு மீறினால் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கெட் போகும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்ததென்று போர் தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் ரொம்ப உண்டு. அந்த உப்பு உள்ளே படிந்து ரேடியேட்டரை அடைக்கும், வாட்டர் பம்ப்பை அரிக்கும். பழையதை முழுவதும் வடித்துவிட்டு நல்ல கூலன்ட் போடுங்கள். அதோடு ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், ரப்பர் ஹோஸ் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இவை விலை குறைந்த பாகங்கள்தான். இன்ஜின் பணி என்று உட்கார்ந்தால் வரும் தொகையோடு ஒப்பிடவே முடியாது.

ரப்பர் என்றதும் பெட்ரோல் ஞாபகம் வருகிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2011 கார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் ஹோஸ்களையும் சீல்களையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள், வெடிப்போ கசிவோ தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் சற்று இறங்குவதும் இயல்பு.

இப்போது முதல் நிபந்தனை, துரு. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம். பாடி போனால் கார் போயிற்று. எஃப்.சி.க்குப் பணம் கட்டுவதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள். கதவின் கீழ் விளிம்பில் துரு என்றால் டிங்கரிங் போதும். சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலோ, அடியில் ஓடும் சட்டத்திலோ தகடு உதிர்ந்தால் ஒரு ரூபாய்கூட அதில் போடாதீர்கள், விற்றுவிடுங்கள். திருச்சியில் கடல் காற்று இல்லாதது உங்களுக்குச் சாதகம்.

ஆவண வேலையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பா கடனில் வாங்கியிருந்தால் ஆர்.சி.யில் ஹெச்.பி. (வங்கிக் கடன் குறிப்பு) கேன்சல் ஆகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தவணை முடிந்து பத்து வருடம் ஆகியும் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். எஃப்.சி. நேரத்தில் தடையில்லாச் சான்றுக்கு அலைவது பெரும்பாடு. தேதி முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் மாதக் கணக்கில் அபராதம் ஏறும். இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். ஹாரன், ஹேண்ட் பிரேக், எல்லா விளக்குகளும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டே பிரேக் இன்ஸ்பெக்டரிடம் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியைக் காட்டுங்கள்.

இரண்டாவது நிபந்தனைதான் எனக்கு முக்கியம். எங்கள் வண்டியில் ஏர்பேக் கிடையாது, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. உங்களுடையதும் கீழ்நிலை மாடல் என்றால் அப்படித்தான் இருக்கும். எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில், ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது அதே வருடம் ஜூலையில். எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் இந்தக் குறையை எந்தப் பட்டறையிலும் தீர்க்க முடியாது. அதனால் நான் அதை ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறேன். கோயம்புத்தூர் போக ரயில்தான். லாரிகளுக்கு நடுவே, மழையில், குழந்தைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அந்த வண்டியை நாலுவழிச் சாலையில் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் சொந்த ஊர் நாலுவழிச் சாலையில் ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவு, மாதத்தில் பலமுறை போகிறீர்கள் என்றால், துரு இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். புதிதுதான் வேண்டும் என்பதில்லை. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான, ஒரே கையில் இருந்த, சர்வீஸ் பதிவு முழுதாக உள்ள சிறிய பெட்ரோல் கார் கிடைத்தால் போதும். தவணைச் சுமையும் பாதியாகும். ஸ்ரீரங்கம், தில்லைநகர், சத்திரம் என்று ஊருக்குள்ளேயே பெரும்பாலும் ஓடுகிறது என்றால் தயங்காமல் எஃப்.சி. காட்டுங்கள்.