குறட்டை, இயர்பட்ஸ், காதுவலி: தூங்கும்போது காதில் எதை வைக்கலாம்?

கேள்வி: எனக்கு 36 வயது. கணவரின் குறட்டை கடந்த ஒரு வருடமாக ரொம்பவே அதிகமாகிவிட்டது. போதாததற்கு மேல்வீட்டில் நள்ளிரவு வரை நாற்காலி இழுக்கும் சத்தம், வெளியே நாய் குரைப்பு. வயர்லெஸ் இயர்பட்ஸ் போட்டு மழைச் சத்தத்தை ஓடவிட்டுத் தூங்கப் பழகினேன். இப்போது வலது காது காலையில் வலிக்கிறது, உள்ளே அரிப்பு, லேசாக ஈரமாகவும் இருக்கிறது. ஃபோம் இயர்பிளக் வாங்கினால் அது பாதி ராத்திரியில் கழன்று விழுகிறது, போட்டிருக்கும்போதும் குறட்டை கேட்கிறது. அடுத்த அறையில் 5 வயது மகள் தூங்குகிறாள், அவள் கூப்பிட்டால் கேட்காமல் போய்விடுமோ என்று பயம் வேறு. தினமும் காதை அடைத்துக்கொண்டு தூங்கினால் காது கெட்டுவிடுமா? தனி அறையில் படுக்கிறேன் என்றால் கணவர் முகம் வாடிவிடுகிறது. என்ன செய்யட்டும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த வலது காதைக் கவனிப்போம், மற்றதெல்லாம் அப்புறம். இன்று இரவிலிருந்து அந்தக் காதில் எதையும் வைக்காதீர்கள். இயர்பட்ஸ் மட்டுமில்லை, பஞ்சு, காது குடையும் பட்ஸ், எண்ணெய், யாரோ சொன்ன சொட்டு மருந்து எதுவுமே வேண்டாம். காதுத் துவாரத்துக்கு முன்னால் சின்ன மேடு மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கும், அதை மெல்ல அழுத்திப் பாருங்கள், காது மடலையும் லேசாக இழுத்துப் பாருங்கள். இரண்டிலும் வலி கூடினால் காதுக் குழாயின் தோலில் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். இரவு முழுக்கக் காற்றே போகாமல் அடைத்து வைத்த குழாயில் ஈரம் தங்கி, தோல் ஊறி, கிருமி பிடிக்கிற கதைதான் இது. காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் சில நாள் சொட்டு மருந்திலேயே சரியாகிவிடும். ஆனால் செவிப்பறையில் ஓட்டை எதுவும் இல்லை என்று அவர் உள்ளே பார்த்து உறுதி செய்த பிறகே மருந்து விட வேண்டும், அதனால் மருந்துக்கடையில் நீங்களாகவே கேட்டு வாங்காதீர்கள். சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு பக்கம் காது மந்தமானாலோ நாளைக்கே போங்கள்.

இனி இயர்பட்ஸ். அவை நிமிர்ந்து உட்கார்ந்து, நடந்து கேட்பதற்காகச் செய்தவை. கெட்டியான பிளாஸ்டிக் கூடு காதுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், ஒருக்களித்துப் படுத்ததும் தலையின் முழு எடையும் தலையணை வழியாக அதை உள்ளே அழுத்தும். உங்கள் வலது காது மட்டும் வலிப்பதைப் பார்த்தால் நீங்கள் வலது பக்கம் சாய்ந்து தூங்குகிறவர் என்றுதான் நினைக்கிறேன்.

அதைவிட எனக்குக் கவலை தருவது ஒலியளவு. இயர்பட்ஸ் போன்ற கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். நீங்கள் இரவு 8 மணி நேரம் போட்டால் வாரத்துக்கு 56 மணி நேரம் ஆகிறது, பகலில் பாட்டு கேட்பது, போன் பேசுவது தனி. ஒலி 3 டெசிபல் கூடினாலே பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். மெல்லிசாக ஓடவிட்டால் பயமில்லை, ஆனால் பக்கத்தில் குறட்டை ஏறும்போது கை தானாகவே ஒலியை ஏற்றும், தூக்கக் கலக்கத்தில் எவ்வளவு ஏற்றினோம் என்பது காலையில் நினைவிலும் இருக்காது. போதாததற்கு, விடியும் முன் பேட்டரி தீர்ந்து ‘பீப்’ என்று அதுவே எழுப்பிவிடும்.

நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கிற இயர்பட்ஸ் வாங்கட்டுமா என்று அடுத்த கேள்வி வரும். அந்த நுட்பம் வெளிச் சத்தத்துக்கு எதிரான அலையை உருவாக்கி அதை அழிக்கப் பார்க்கிறது, அதனால் விமான இரைச்சல், ஏசி உறுமல் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்துக்கு அருமையாக வேலை செய்யும். நாற்காலி கிறீச்சிடுவது, நாய் சட்டென்று குரைப்பது போன்றவற்றுக்கு அந்த அளவு உதவாது. குறட்டை இரண்டுக்கும் நடுவில்: அடித்தொனி குறையும், மேலே வரும் கரகரப்பு தங்கிவிடும். நாய்ஸ் கேன்சலேஷன் ஹெட்ஃபோனுக்குப் பெயர்போன போஸ் நிறுவனமே 2018-ல் தூக்கத்துக்கென்று ஸ்லீப்பட்ஸ் என்று ஒன்றை வெளியிட்டபோது அதில் அந்த நுட்பத்தை வைக்கவில்லை, மழை, அலை போன்ற ஒலிகளால் வெளிச் சத்தத்தை மூடுவதோடு நிறுத்திக்கொண்டது. அதிலும் பேட்டரிக் கோளாறு வந்து 2019-ல் விற்பனையை நிறுத்தி, 2020-ல் புதுப் பதிப்பு கொண்டுவந்து, 2023-ல் அதையும் நிறுத்தியது. தூங்கும் காதுக்குள் சின்னக் கருவி ஒன்றை இரவு முழுக்க ஓட்டுவது அவ்வளவு எளிதான காரியமில்லை. வயர் இயர்போன் பக்கமே போகாதீர்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ளும், அதுவும் சார்ஜில் போட்ட போனோடு இணைத்துக் காதில் வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

ஆக, உங்களுக்கு ஏற்றது இயர்பிளக்தான், ஆனால் காது முழுசாக ஆறிய பிறகு. கழன்று விழுகிறது, குறட்டையும் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான், அது சரியாக உள்ளே போகவில்லை. பலரும் ஃபோம் பிளக்கை அப்படியே எடுத்துத் துவாரத்தில் அமுக்கிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பிளக்கை விரல்களுக்கு நடுவே சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சி மாதிரி உருட்டுங்கள். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள், வளைந்திருக்கும் காதுக் குழாய் அப்போதுதான் நேராகும். உருட்டியதை உடனே உள்ளே விட்டு, 30 வினாடி விரலால் பிடித்துக்கொண்டே இருங்கள், அது விரிந்து குழாயை நிரப்பட்டும். சரியாக அமர்ந்தால் உங்கள் குரல் உங்களுக்கே கனமாகக் கேட்கும், பிளக்கின் முனை மட்டும் விரலில் பிடித்து இழுக்கிற அளவுக்கு வெளியே இருக்கும். வலித்தால் அளவு பெரிது என்று பொருள். பெண்களுக்குக் காதுக் குழாய் பெரும்பாலும் சற்றுக் குறுகலாக இருக்கும், சின்ன அளவிலும் பிளக் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் 33 டெசிபல் சத்தம் குறையும் என்று போட்டிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள், அது ஆய்வகத்தில் பிசகில்லாமல் பொருத்தி அளந்தது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா, தொழிற்சாலைகளில் கணக்கிடும்போது அந்த எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து மீதியைப் பாதியாக்கச் சொல்கிறது. 33 என்றால் 13-தான் கிடைக்கும். குறைவு என்று தோன்றலாம், ஆனால் 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியாகத் தெரியும், அந்தக் கணக்கில் 13 நல்ல வித்தியாசம். குறட்டை முழுசாக மறைந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எந்த பிளக்கும் மேல்தொனியைத் தடுக்கிற அளவுக்குத் தாழ்ந்த தொனியைத் தடுக்காது, கொஞ்சம் சத்தம் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் வரும். அந்த மிச்சத்துக்கு மின்விசிறியோ, அறையில் தள்ளி வைத்த ஸ்பீக்கரில் மெல்லிய மழைச் சத்தமோ போதும். நம்மை எழுப்புவது பெரும்பாலும் சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அமைதியிலிருந்து அது சட்டென்று மேலே எழும்புவதுதான். பின்னணியில் சீரான இரைச்சல் ஒன்று இருந்தால் அந்த எழும்பல் அவ்வளவாக உறைக்காது. காது ஆறும்வரை உங்களுக்கு இந்தப் பின்னணிச் சத்தம்தான் துணை.

ஃபோம் ஒத்துவரவில்லையா, மெழுகு அல்லது பிசைகிற சிலிக்கான் பிளக் இருக்கிறது. அதை உள்ளே திணிக்காமல் துவாரத்தின் வாயை மட்டும் மூடுவது போல அழுத்த வேண்டும். வெளியே துருத்தாது என்பதால் ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு நல்லது. ஜெர்மனியில் மாக்ஸ் நெக்வர் என்ற மருந்தாளர் 1907-லேயே ஓரோபாக்ஸ் என்று மெழுகில் இதை உருவாக்கிவிட்டார், இன்றும் விற்கிறது. முடியில் ஒட்டும், அது ஒன்றுதான் தொல்லை.

தினமும் போட்டால் காது கெடுமா? சுத்தமாக, சரியான அளவில் போட்டால் கேட்கும் திறன் கெடாது. தொந்தரவு குறும்பியால்தான் வரும். காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், அதன் தோல் மெதுவாக வெளிப்பக்கம் நகர்ந்து குறும்பியைத் தானே தள்ளிக்கொண்டுவரும். தினமும் ஒரு பிளக்கை உள்ளே விட்டால் வருவது திரும்பப் போய் நாளடைவில் கெட்டியாகலாம். காது அடைத்த மாதிரி, மந்தமாக இருந்தால் மருத்துவரிடம் எடுத்துவிடுங்கள், பட்ஸ் போட்டு நீங்களே குடைந்தால் இன்னும் உள்ளேதான் போகும். ஃபோமைச் சில நாளைக்கு ஒருமுறை தூக்கிப்போட்டுப் புதிது எடுங்கள், கழுவினால் அதன் விரியும் தன்மை போய்விடும். குளித்தவுடன் ஈரக் காதில் போடாதீர்கள். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள், இல்லையென்றால் அழுத்தம் மாறிச் செவிப்பறை வலிக்கும். அடைத்த காதில் உங்கள் மூச்சும் இதயத் துடிப்பும் பெரிசாகக் கேட்கும், அது இயல்பு, சில நாளில் பழகிவிடும். பகலில் மட்டும் போட்டுக்கொண்டு திரியாதீர்கள், தொடர்ந்து அடைத்தே வைத்தால் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும், சாதாரணச் சத்தம்கூடப் பெரிசாகத் தெரிய ஆரம்பிக்கும்.

மகளைப் பற்றிய பயம் நியாயமானது. ஒரு நாள் மாலை பிளக்கைப் போட்டுக்கொண்டு உங்கள் அறையில் படுங்கள், கதவு இரவில் எப்படி இருக்குமோ அப்படி இருக்கட்டும், மகளை அவள் அறையிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். கேட்டால் ஓரளவு நிம்மதி. கேட்கவில்லை என்றால் அதிர்கிற பேபி மானிட்டர் ஒன்றைத் தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள், அல்லது ஒரு காதில் மட்டும் போடுங்கள். 5 வயதுப் பெண்ணுக்கு, “அம்மா எழுந்திருக்கலன்னா வந்து தொட்டு எழுப்பு” என்று சொல்லிக் கொடுத்தால் அழகாகப் புரிந்துகொள்வாள். காலை அலாரத்துக்கு அதிரும் கைக்கடிகாரம் நல்லது. வீட்டில் புகை அலாரம் இருந்தால் அது படுக்கையறைக்குள்ளேயே இருக்கட்டும், அதன் கீச்சுக்குரல் மேல்தொனி, பிளக் நன்றாகத் தடுப்பதும் அந்தத் தொனியைத்தான். பிளக்குகளை மகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், வாயில் போட்டால் மூச்சடைக்கும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். “கடந்த ஒரு வருடமாக அதிகமாகிவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். திடீரென்று கூடிய குறட்டையைக் காது அடைத்துத் தாண்டிவிடக் கூடாது. ஒரு இரவு எதையும் போடாமல் அவர் மூச்சைக் கேளுங்கள். சத்தமாகப் போய்க்கொண்டே இருந்தது திடீரென்று நின்று, 10 வினாடி, அதற்கு மேலும் மௌனமாகி, பிறகு மூச்சுத் திணறிய மாதிரி ஒரு பெரிய இழுப்போடு மறுபடி தொடங்குகிறதா? காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம், வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது, ரத்த அழுத்தம் கூடியிருப்பது, சமீபத்தில் எடை ஏறியது, இதில் எதுவும் உண்டா? இருந்தால் ஸ்லீப் அப்னியா என்கிற தூக்க மூச்சடைப்பாக இருக்கலாம். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்ள, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி அரைகுறையாக எழுப்பிவிடும், இது ஒரே இரவில் பலமுறை நடக்கும். வருடக்கணக்கில் விட்டால் இதயத்துக்குக் கெடுதல். இது அவருக்கே தெரியாது, அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீங்கள், நீங்களும் காதை அடைத்துக்கொண்டால் அவர் மூச்சு நிற்பது யாருக்கும் கேட்காது. போனில் பதிவு செய்து மருத்துவரிடம் போட்டுக் காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் கருவி தருவார்கள், அது மூச்சுவழியைத் திறந்தே வைத்திருப்பதால் குறட்டையும் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்னியா இல்லை என்றால் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது, எடை குறைப்பது, இரவில் மது இருந்தால் விடுவது, மூக்கடைப்புக்கு வைத்தியம் பார்ப்பது எல்லாமே பலன் தரும்.

மேல்வீட்டுக்காரரிடம் நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். நீங்களே நாலு வாங்கிக் கொடுத்தாலும் தப்பில்லை.

தனி அறை விஷயத்தை நடுராத்திரியில் எரிச்சலோடு பேசாதீர்கள், பகலில் பேசுங்கள். “உங்கள் சத்தம் தாங்கல” என்று தொடங்கினால் அவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். “என் காதில் புண், ஆறும்வரை எதுவும் போடக் கூடாது, அதுவரை நான் குட்டியோடு படுத்துக்கொள்கிறேன், அதற்குள் உங்கள் மூச்சையும் ஒருமுறை காட்டிவிடலாம்” என்று சொல்லுங்கள், அத்தனையும் உண்மைதானே. படுக்கும்வரை சேர்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கும் நேரத்துக்கு மட்டும் எழுந்து போகலாம். உங்கள் காதுக்கும் அவர் குறட்டைக்கும் ஒரே காது-மூக்கு-தொண்டை மருத்துவர் போதும், ஒரே நாளில் இருவருக்கும் நேரம் வாங்கிவிடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள்.