மஞ்சளானாலும் இனிக்காத மாம்பழம்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டி அப்பத்தா வைத்த மாமரம் ஒன்று நிற்கிறது. அணிலுக்கும் காற்றுக்கும் பயந்து, சென்ற பங்குனிக் கடைசியிலேயே காய்களைப் பறித்து வைக்கோலில் வைத்தோம். மஞ்சளாகத்தான் பழுத்தன, ஆனால் தோல் சுருங்கி, சப்பென்று புளித்தன. உச்சிக் கிளையில் எட்டாமல் விட்டவை மட்டும் வைகாசியில் நன்றாக இனித்தன. செம்மண்ணில் சத்துப் போய்விட்டதா? உரம் வைக்க வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அதே மரத்தின் உச்சிக் காய் இனித்திருக்கும்போது மண்ணைக் குறை சொல்ல இடமில்லை. காய்களை முற்றும் முன்பே பறித்துவிட்டீர்கள்.

பிஞ்சு பிடித்த முதல் சில வாரங்களில் காய்க்குள் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. பிறகு அவை நீரேறிப் பருக்கின்றன. கொட்டை இறுகத் தொடங்கிய பிறகுதான், இலைகள் வெயிலில் சமைத்து அனுப்பும் சர்க்கரை, சதையில் மாவுச்சத்தாக நிறையச் சேருகிறது. ரகத்தைப் பொறுத்து இதற்கெல்லாம் ஏறத்தாழ 3 முதல் 5 மாதம் ஆகும். காய் பார்வைக்கு முழு அளவை எட்டிய பிறகும் இந்தச் சேமிப்பு நடந்துகொண்டிருப்பதால், பருமனை மட்டும் பார்த்துப் பறிப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். காம்பை அறுத்த நொடியில் இலையிலிருந்து வரும் வரத்து நின்றுவிடுகிறது. அதன்பின் காய் தானே வெளியிடும் எத்திலீன் வாயு, உள்ளே இருக்கும் மாவைச் சர்க்கரையாக்கும் வேலையையும், புளிப்பைக் குறைத்துச் சதையை இளக்கிப் பச்சையைப் போக்கும் வேலையையும் தூண்டிவிடுகிறது. பழுக்கும் பழமே இவ்வாயுவை உண்டாக்குகிறது என்று 1934இல் ரிச்சர்ட் கேன் என்ற விஞ்ஞானி ஆப்பிளில் நிறுவினார். வைக்கோல் இந்த வாயுவையும் சூட்டையும் வெளியேறாமல் பிடித்துவைக்கிறது; மாவு குறைவாக இருந்தால் நிறம் மட்டும் வரும், இனிப்பு வராது. கார்பைடு கல் வைப்பவர்களும் இந்த நிறத்தைத்தான் வாங்குகிறார்கள். ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்புக்கு இடமுள்ள அந்தக் கல்லைக் கொண்டு பழுக்கவைப்பதற்கு நம் நாட்டில் தடை இருக்கிறது. திராட்சைக்கும் எலுமிச்சைக்கும், மாங்காயைப் போலப் பறித்த பின் பழுத்து ருசி கூடும் வாய்ப்புகூட இல்லை. கொடியிலும் மரத்திலும் வந்த ருசியே கடைசி ருசி.

மாங்காய் மரத்திலேயே பழுக்க வேண்டியதில்லை, முற்றினால் போதும். காம்படியின் இரு தோள்களும் காம்பு பதியும்படி மேலெழுந்து, கன்னம் திரண்டிருக்க வேண்டும். ஒரு காயை அறுத்துப் பாருங்கள்: கொட்டையை ஒட்டிய சதை வெள்ளையாக இருந்தால் பொறுங்கள், இளமஞ்சள் ஓடியிருந்தால் பறிக்கலாம். வாளித் தண்ணீரில் போட்டால் முற்றிய காய் பெரும்பாலும் மூழ்கும், இளங்காய் மிதக்கும். ஒரு விரற்கடைக் காம்போடு வெட்டி எடுத்தால், பால் வடிந்து தோல் கருகாமல் இருக்கும். அணில் தொல்லைக்கு, கொத்துகளைக் கொசுவலைத் துணியால் கட்டிவிடலாம்.

உரத்தைவிடத் தண்ணீரில் கவனம் வையுங்கள். உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் ஈரம் நெடுநாள் நிற்காது. பிஞ்சுப் பருவத்தில் வேர் காய்ந்தால் பிஞ்சு உதிரும், காய விட்டு ஒரேயடியாகப் பாய்ச்சினால் காய் வெடிக்கும். மதில் நிழலில் அடர்ந்த உள்கிளைகளை அறுவடை முடிந்ததும் கழித்துவிடுங்கள். உச்சிக் கிளைக்குக் கிடைக்கும் வெயில் கீழே உள்ள இலைகளுக்கும் வேண்டும்.